நான்கு பிளக்கையும் வரிசையாக வை

“காடி இழுக்கல அண்ணே, எண்ணெய் வேற ரொம்பக் குடிக்குது.” எங்கள் பேச்சில் காடி என்றால் கார், எண்ணெய் என்றால் பெட்ரோல். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்திருப்பவன் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. கூடவே வேறு எங்கோ யாரோ சொல்லி அனுப்பிய தீர்ப்பும் வரும். பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் மாற்ற வேண்டுமாம், இல்லையென்றால் எண்ணெயையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் போய்விட்டதாம். சிலரிடம் இன்ஜினையே இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “பிளக்கைக் கழற்றிப் பார்த்தாங்களா?” பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும்.

எனக்கு இது மனசு ஆறாத விஷயம். தோட்டத்துச் சம்பளத்தில் பழைய இஸ்வாராவையோ கஞ்சிலையோ ஓட்டுகிறவர் தேவையில்லாமல் ஒரு காயில் வாங்கினால், அந்த மாதம் வீட்டில் எங்காவது இடிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்க்க ஒரு பிளக் ஸ்பேனரும் கொஞ்ச நேரமும் போதும். பொறி தட்டி எண்ணெயைப் பற்றவைப்பது பிளக்தான். எண்ணெய் எரியும் அறைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருப்பதில், சுலபமாக வெளியே எடுத்துப் பார்க்கக்கூடியது பிளக் ஒன்றுதான். அதைப் பார்க்காமல் சொல்லும் எந்தத் தீர்ப்பும் ஊகம்தான்.

நான் தொழில் படித்தது தோட்டத்துப் பட்டறையில். லாரியும் டிராக்டரும் டீசல் என்பதால் அவற்றுக்கும் பிளக்குக்கும் சம்பந்தமில்லை. கிராணிமாரின் (தோட்டத்து எழுத்தர்களின்) கார், தண்ணீர் பம்ப், புல்வெட்டும் மெஷின் இவைதான் பிளக் வேலை. அங்கே இருந்த மூத்த போமனுக்கு (மெக்கானிக்குக்கு) ஒரு பழக்கம். பழைய நாளிதழை விரித்து, சாக்பீஸால் 1, 2, 3, 4 என்று எழுதி, கழற்றும் பிளக்கை அந்தந்த எண்ணுக்கு நேராக வைப்பார். நான்கும் வெளியே வரும்வரை வாயே திறக்க மாட்டார். நாங்கள் யாராவது முதல் பிளக்கைப் பார்த்துவிட்டு “கறுப்பா இருக்கு, எண்ணெய் அதிகம் போகுது” என்று ஆரம்பித்தால், “மத்த மூணும் என்ன சொல்லுதுன்னு பாரு, அப்புறம் பேசலாம்” என்பார். இன்றுவரை நான் செய்வதும் அதையேதான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி கெட்டிருந்தால், கோளாறு நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் சோக், இன்ஜெக்‌ஷன் கார் என்றால் சென்சார், பொறி விழும் நேரமான டைமிங், பழைய கார்களில் ஒற்றைக் காயில். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் மாறியிருந்தால், பொதுவானதையெல்லாம் விட்டுவிடலாம். அந்த சிலிண்டரிலும், அதற்குப் போகும் கேபிளிலும்தான் தேட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மட்டும் ஒரே மாதிரி கெட்டிருந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள தகடு) போயிருக்கலாம் என்று சந்தேகப்படுவேன். ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் கார்களில் 1-ம் 4-ம் ஜோடி, 2-ம் 3-ம் ஜோடி. அந்த ஜோடி சேர்ந்து கெட்டால் காயில் பக்கம் போக வேண்டும். பிளக்கின் நிறத்தைவிட, நிறங்களுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

கழற்றும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதிலேயே பலர் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை பிய்ந்து வரும். லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் கார்களில் பிளக்கைச் சுற்றிச் செம்மண் அப்பிக்கொண்டிருக்கும். அதை ஊதித் தள்ளாமல் பிளக்கை எடுத்தால் மண் நேராக சிலிண்டருக்குள் விழும், அப்புறம் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். முதலில் காற்றடித்து, பிளக்கை அரைச் சுற்று தளர்த்தி, மறுபடியும் காற்றடித்து, பிறகுதான் முழுதாகக் கழற்ற வேண்டும். கேபிளை வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. ரப்பர் மூடியைப் பிடித்து, லேசாகத் திருகி எடுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே கார்பன் இழை அறுந்துபோகும், வெளியே பார்த்தால் தெரியாது.

இன்னொன்று: காரை வீட்டு வாசலில் சும்மா ஓடவிட்டு, உடனே கழற்றிப் பார்க்காதீர்கள். ஐடிலில் ஓடிய எந்த பிளக்கும் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும். கோலக்கங்சார் சாலையில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி வந்து, நிறுத்தி, ஆறவிட்டுப் பார்ப்பதுதான் சரி. பிளக்கின் முனை சுமார் 450, 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். வீட்டிலிருந்து பசாருக்கும், பசாரிலிருந்து பள்ளிக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் என்று சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓடும் காரில் அந்தச் சூடு வருவதே இல்லை. அப்படிப்பட்ட காரின் பிளக் கறுத்திருந்தால், எதையும் மாற்றும் முன் ஒருமுறை ஈப்போ வரை போய்வரச் சொல்வேன்.

நன்றாக ஓடும் பிளக்கின் பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். இன்ஜெக்‌ஷன் கார்களில் இன்னும் வெளுத்து, கிட்டத்தட்ட வெள்ளையாகக்கூட இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கார்புரேட்டர் காலத்துக் கண்ணோடு மைவி பிளக்கைப் பார்த்துவிட்டு “எண்ணெய் பத்தல” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளுப்பு மட்டும் குற்றமில்லை. வெளுப்போடு சேர்ந்து பீங்கான் கொப்பளித்திருந்தால், முனைக்கம்பி உருகித் தேய்ந்திருந்தால், அதுதான் சூடு மீறிய அடையாளம். பீங்கான்மேல் கறுப்பும் வெள்ளியுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே இன்ஜின் தட்டுகிறது, அதாவது எண்ணெய் முறை தவறி வெடிக்கிறது. அந்த வெள்ளிப் புள்ளி பிஸ்டனின் அலுமினியம். அப்படி ஒரு காரை மேற்கொண்டு ஓட்டவே விட மாட்டேன்.

லிந்தாங் சாலையிலிருந்து ஒரு பெரியவர் பழைய இஸ்வாரா கொண்டுவந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை. கார்புரேட்டரையே புதிதாக மாற்றச் சொல்லியிருந்தார்கள். நான்கு பிளக்கையும் எடுத்து வைத்தோம். நான்கிலும் ஒரே அளவு கரி. விரலால் தேய்த்தால் உலர்ந்து பொடியாக வந்தது, பிசுக்கு இல்லை. உலர்ந்த கரி என்றால் எண்ணெய்க்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது பொறி பலமாக இல்லை. நான்கும் ஒன்றுபோல் இருந்ததால் பொதுவான இடத்தைப் பார்த்தோம். ஏர் ஃபில்டரைத் திறந்தால் மடிப்புக்கு மடிப்பு செம்மண். தட்டினால் மண் கொட்டுகிறது, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியவில்லை. சோக் தகடும் சூடான பிறகு முழுதாகத் திறக்காமல் பாதியில் நின்றது. ஃபில்டரை மாற்றி, சோக்கின் அச்சைச் சுத்தம் செய்து, பிளக்கை மாற்றி அனுப்பினோம். கார்புரேட்டர் அப்படியே இருந்தது. செம்மண் சாலையில் ஓடுகிறவர்கள் ஃபில்டரை கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மாற்றுவதில் அர்த்தமில்லை. மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

கரி பிசுபிசுப்பாக, எஞ்சின் ஆயில் வாடையோடு இருந்தால் அது வேறு கதை. வால்வு சீல் வழியாகவோ ரிங் வழியாகவோ ஆயில் உள்ளே வருகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப் புகை வந்து, பிறகு நின்றுவிட்டால் வால்வு சீல். ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் புகை வந்தால் ரிங். உறுதி செய்ய கம்ப்ரஷன் பார்க்கலாம். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் பார்த்தால், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு சீல் மாற்றுவதற்கும் இன்ஜினை இறக்குவதற்கும் செலவில் எவ்வளவோ தூரம். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஓவர்ஹால் என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இளைஞர்களிடம் ஒரு பழக்கம் பார்க்கிறேன். வீராவுக்கு ‘ரேசிங்’ பிளக் என்று எண் கூடிய பிளக்கை வாங்கிப் போட்டுவிட்டு, ஒரு மாதத்தில் மிஸ்ஸிங் (சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது) என்று வருகிறார்கள். பிளக்கின் மேலே உள்ள எழுத்துகள் அலங்காரத்துக்கு இல்லை. என்ஜிகே பிளக்கில் பிபிஆர்6இஎஸ்-11 என்று இருந்தால், நடுவில் உள்ள 6 வெப்ப எண், கடைசியில் உள்ள 11 என்பது பொறி தாவும் 1.1 மில்லிமீட்டர் இடைவெளி. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக்கூட பிளக் சீக்கிரம் ஆறும். பாஷில் இது தலைகீழ். என்ஜிகேயின் 6-க்கு டென்சோவில் ஏறக்குறைய 20. சீக்கிரம் ஆறும் பிளக், தொடர்ந்து வேகமாக ஓடும் இன்ஜினுக்கு. தாமானுக்கும் (குடியிருப்புக்கும்) பசாருக்கும் இடையே ஓடும் காரில் அது கரியை எரிக்கும் சூட்டுக்கு வரவே வராது.

மழைக்காலக் கோளாறுக்கு வருகிறேன். இந்த ஊரில் சாயங்காலம் ஆனால் மழை, விடியற்காலையில் பனி. “காலையில ஸ்டார்ட் ஆகல, பத்து மணிக்கு மேல தானா சரியாயிடுது” என்றால் பிளக்கை எடுக்கும் முன்பே டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கை போகும். 1985-இல் வந்த முதல் சாகா தொடங்கி இஸ்வாரா, 1994-இல் வந்த கஞ்சில் வரை, ஒரு காயிலின் மின்சாரத்தை டிஸ்ட்ரிபியூட்டர்தான் சிலிண்டர் சிலிண்டராகப் பிரித்துக் கொடுக்கிறது. பல ஆயிரம் வோல்ட். அவ்வளவு அழுத்தத்துக்கு ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் வேறு வழி கிடைத்துவிடுகிறது.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்பக்கம் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளையோ அலுமினியமோ ஆன முனைகளில் வெள்ளைப் பூப்பு இருக்கலாம். நடுவில் ஸ்பிரிங் வைத்த சின்னக் கார்பன் குச்சி தேய்ந்து மறைந்திருக்கலாம். இவை கண்ணுக்குச் சட்டென்று தெரியும். தெரியாதது, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு பென்சிலால் கோடு போட்டது போல ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு. பொறி அந்தப் பரப்பில் ஓடி ஓடி பிளாஸ்டிக்கைக் கரியாக்கிய தடம் அது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒருமுறை தடம் விழுந்துவிட்டால் பொறி அந்த வழியைவிட்டுப் போகாது. துணியால் துடைத்தால் போகாது. சுரண்டி எடுத்தால் வீடு போய்ச் சேரும்வரை தாங்கும். மூடியைத்தான் மாற்ற வேண்டும். மாற்றும்போது உள்ளே சுழலும் ரோட்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கேபிள்களைப் பழைய மூடியிலிருந்து புதியதற்கு ஒவ்வொன்றாக மாற்றிப் போடுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, நான்கு சிலிண்டர் காரில் பொறி போகும் 1-3-4-2 வரிசையை நினைவிலிருந்து போட்டால், இடம் மாறி கார்புரேட்டரில் வெடிச்சத்தம் கேட்கும்.

கேபிளைச் சோதிக்க நான் இருட்டைத்தான் நம்புகிறேன். இரவில் விளக்கை அணைத்து, பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, கேபிள்மேல் தண்ணீரைப் புகையாகத் தெளித்தால், ஓட்டையுள்ள இடத்தில் நீலப் பொறி இன்ஜின் உடம்புக்குத் தாவும். டிக் டிக்கென்று சத்தமும் கேட்கும். கையை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்தச் சோதனைக்குக் கிட்டவே வரக் கூடாது.

எங்கள் பக்கம் கேபிளுக்கு இன்னொரு எதிரி எலி. செம்பனைப் பழம் இருக்கும் இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. அதற்காகவே தோட்டங்களில் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். இரவில் சூடான இன்ஜின்மேல் ஏறிப் படுக்கும் எலி, கேபிளின் உறையைக் கடித்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கடி அடிப்பக்கத்தில் இருக்கும். தோட்டத்து வீட்டுக் கார் என்றால் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் நான் எந்த முடிவும் சொல்வதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிளக்கின் வெள்ளைப் பீங்கான், இரும்பு உடம்பைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, சில சமயம் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். துடைத்தாலும் முழுதாகப் போகாது. இதைக் காட்டி “கேஸ் லீக், பிளக் ஓட்டை” என்று சொல்லி மாற்ற வைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது லீக் இல்லை. உயர்மின் அழுத்தத்தால் பீங்கானைச் சுற்றியுள்ள காற்றில் மெல்லிய மின்கசிவு ஏற்படுகிறது. அது காற்றிலுள்ள ஆயில் துகள்களை இழுத்துப் பீங்கான்மேல் ஒட்டவைத்ததன் கறைதான் அந்த வளையம். பிளக்கின் வேலை எந்த விதத்திலும் குறைவதில்லை. ஆனால் பீங்கானில் மேலிருந்து கீழாக நெடுக்காகக் கறுப்புக் கோடு இருந்தால் விஷயம் வேறு. அது பொறி உள்ளே போகாமல் வெளிப்புறமாகவே இரும்புக்குத் தாவிய தடம். ரப்பர் மூடி இறுகியோ வெடித்தோ போனால் இப்படி ஆகும். அப்போது பிளக்கையும் கேபிளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வளையம் என்றால் விடு, நெடுக்குக் கோடு என்றால் மாற்று என்று என் பையன்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

2005-இல் வந்த மைவி முதல் நிலைமை மாறிவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டரும் கேபிளும் இல்லை, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் அதற்கென்று ஒரு காயில். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரின் மைவி ஏற்றத்தில் உதறியது. ஸ்கேனரில் பி0302 என்று வந்தது, அதாவது இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். “காயில் வாங்கிரவா தம்பி?” என்று கேட்டார். “இருங்கக்கா, பழசை இடம் மாத்திப் பார்த்துட்டு வாங்கலாம்” என்றேன். இரண்டாவது காயிலை மூன்றுக்கும், மூன்றாவதை இரண்டுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டினோம். கோளாறு காயிலோடு சேர்ந்து மூன்றுக்கு நகர்ந்து பி0303 என்று வந்திருந்தால் காயில்தான் குற்றவாளி. நகரவில்லை. இரண்டிலேயே நின்றது.

பிளக்கை எடுக்க டார்ச் அடித்தால், குழிக்குள் ஆயில் தேங்கி நின்றது. பிளக்கின் பாதி உடம்பு ஆயிலில் மூழ்கியிருந்தது, ஆனால் மூக்கு வெளிர் சாம்பல் நிறத்தில் சுத்தம். இதைக் கவனிக்க வேண்டும். ஆயில் மேலிருந்து வருகிறதே தவிர சிலிண்டருக்குள்ளிருந்து வரவில்லை. வால்வு கவரில் பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் காய்ந்து போயிருந்தது. பீங்கானில் நான் மேலே சொன்ன நெடுக்குக் கோடும் இருந்தது. சீலும் கேஸ்கெட்டும் பிளக்கும் மாற்றினோம், காயிலின் ரப்பரைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டினோம். காயில் வாங்கிப் போட்டிருந்தால், ஆயில் அந்தப் புதுக் காயிலையும் சீக்கிரமே தின்றிருக்கும். எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் மட்டும் இப்படி ஓட்டிப் பார்க்காதீர்கள். எரியாத எண்ணெய் புகைக்குழாய்க்குள் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். அதன் விலைக்கு முன்னால் காயில் விலை ஒன்றுமே இல்லை.

மற்றவை அழுக்காக இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். ரேடியேட்டர் தண்ணீர் அந்த சிலிண்டருக்குள் கசிந்து ஆவியாகிப் பிளக்கைக் கழுவிக்கொண்டிருக்கிறது. கஞ்சிலுக்கு மூன்று சிலிண்டர்தான்; அப்படி ஒரு காரில் மூன்று பிளக்கில் நடுவிலுள்ளது இப்படி வந்தது. உரிமையாளர், “தண்ணி அடிக்கடி குறையுது, வெயிலுக்குன்னு நெனச்சேன் ஐயா” என்றார். இன்ஜின் கொதித்து ஹெட் வளைவதற்கு முன்பே கேஸ்கெட் மாற்றிவிட்டதால் கார் பிழைத்தது.

திரும்பப் பூட்டுவதையும் சொல்லிவிடுகிறேன். புது பிளக் என்றாலும் பெட்டியிலிருந்து எடுத்ததும் இடைவெளியை அளந்து பாருங்கள். கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள், பீங்கான் உள்ளுக்குள் வெடித்திருந்தால் வெளியே தெரியாது. இரிடியம் பிளக்கின் நடுமுனை மிக மெல்லியது; இடைவெளி அளக்கும் வட்டத் தகட்டை அதில் அழுத்தினால் ஒடிந்துவிடும், கம்பித் தூரிகையும் ஆகாது. பிளக்கைக் குழிக்குள் இறக்க, அதன் தலையில் ஒரு துண்டு ரப்பர் எண்ணெய்க் குழாயைச் செருகி விரலால் சுழற்றுங்கள். மரை ஏறுமாறாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். கையால் முழுதாக ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் புது பிளக்குக்கு, கையால் இறுகிய இடத்திலிருந்து அரைச் சுற்று, அதற்குக் கொஞ்சம் மேல். ஏற்கெனவே பூட்டிக் கழற்றிய பிளக்கென்றால் வாஷர் நசுங்கிவிட்டிருக்கும், அதனால் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கே போதும். மரையில் கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம். வழுக்கலில் அளவு தெரியாமல் இறுக்கிவிடுவோம். கழற்றிய பழைய பிளக்குகளைப் புதியதன் பெட்டியிலேயே போட்டு, சிலிண்டர் எண்ணையும் கிலோமீட்டரையும் மேலே எழுதிக் காரிலேயே வைத்திருங்கள். அடுத்து எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் அதை எடுத்துக் காட்டுங்கள்.